நாட்டின் சுகாதார அமைப்பில் இளம் டாக்டர்

ஒரு நாட்டின் சுகாதார நிலையை அந்நாட்டிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. நோயுற்ற குழந்தையைத் தாய் தன் இடுப்பில் சுமந்து எத்தனை தூரம் நடக்க வேண்டியிருக்கிறது, நடந்து சென்ற இடத்தில் அவளுக்காக யார் காத்திருக்கிறார் என்பவையே உண்மையான அளவுகோல்கள். வளர்ந்துவரும் நாடுகளில் அவ்விடத்தில் பெரும்பாலும் காத்திருப்பவர், பட்டம் பெற்று ஓரிரண்டு ஆண்டுகளே ஆன இளம் டாக்டர். அனுபவம் மிகுந்த நிபுணர்கள் தலைநகரங்களில் இருக்கின்றனர். அனுபவம் குறைந்தவரோ எல்லாப் பொறுப்பும் தம் தலைமேல் விழும் இடத்தில் நிறுத்தப்படுகிறார். இம்முரண்பாட்டை நன்கு உணர்ந்துகொண்டால்தான், சுகாதாரக் களப்பணியாளரும் பள்ளி ஆசிரியரும் அவருக்கு எவ்வாறு துணை நிற்க முடியும் என்பது விளங்கும்.

மாரெட்பள்ளியைச் சுற்றி மூன்று காட்சிகள்

ஹைதராபாத் நகரின் இரட்டை நகரமான சிகந்தராபாத்தில் உள்ளது மாரெட்பள்ளி. படைவீட்டு நகரமாக வளர்ந்த சிகந்தராபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இப்பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள், நம் பொருளுக்கு இன்றியமையாத மூன்று காட்சிகளைக் காணலாம்.

முதலாவது, பேகம்பேட்டையிலுள்ள ஒரு பழைய கட்டடம். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், சென்னைப் படைப்பிரிவொன்றின் டாக்டராக அங்கு பணியாற்றிய ரொனால்டு ராஸ், மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். இரண்டாவது, முஷீராபாத் பகுதியிலுள்ள காந்தி ஆஸ்பத்திரி. 1954-இல் தொடங்கிய காந்தி மருத்துவக் கல்லூரியும் இந்த ஆஸ்பத்திரியும் 2003-இல் இவ்விடத்திற்கு மாற்றப்பட்டன. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது இந்த ஆஸ்பத்திரி அந்நோய்க்கென்றே ஒதுக்கப்பட்டது. மூன்றாவது, நகரின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் 2018 முதல் தெலங்கானா அரசு திறந்துவரும் 'பஸ்தி தவாகானா' எனப்படும் சிறு மருத்துவ நிலையங்கள். ஒரு டாக்டர், ஒரு செவிலி, ஓர் உதவியாளர் ஆகிய மூவரைக் கொண்டு, ஏறக்குறைய 5,000 முதல் 10,000 மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் இவை அமைக்கப்படுகின்றன. இங்கு ஆலோசனையும் மருந்தும் இலவசம். இரத்த மாதிரியை எடுத்து மத்தியச் சோதனைக்கூடத்திற்கு அனுப்பி, முடிவை நோயாளிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடும் உண்டு.

ஆராய்ச்சி, பெரிய ஆஸ்பத்திரி, தெருமுனை மருத்துவ நிலையம் ஆகிய இம்மூன்றும் ஒரே ஏணியின் படிகள். மேற்படி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கீழ்ப்படி முறிந்திருந்தால் ஏணியால் பயனில்லை. அந்தக் கீழ்ப்படியில் நிற்பவரே இளம் டாக்டர்.

ஒரு கண்டுபிடிப்பும் அதன் பிந்திய வரலாறும்

கீழ்ப்படியின் அவசியத்தை மலேரியாவின் வரலாறே தெளிவாக எடுத்துக் காட்டுகிறது. ராஸ் 1857-இல் அல்மோராவில் பிறந்தவர். தமது 24-ஆம் வயதில், 1881-இல், இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். சிகந்தராபாத்தில் அவரிடம் பெரிய சோதனைக்கூடம் எதுவும் இல்லை. ஒரு நுண்நோக்கியும் சில உள்ளூர் உதவியாளரும் இருந்தனர். ஹுசேன் கான் என்ற நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் கூலி பெற்றுக்கொண்டு தம் உடலைக் கொசுக்களுக்கு அளித்தார். இவ்வாறு கிடைத்த கண்டுபிடிப்புக்காக 1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பகைவன் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் அதனால் மட்டும் நோய் ஒழிந்துவிடவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, நாடு விடுதலை பெற்ற காலத்தில், ஆண்டுதோறும் சுமார் ஏழரைக் கோடி மக்கள் மலேரியாவால் பீடிக்கப்பட்டதாகவும், 8 லட்சம் பேர் மாண்டதாகவும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசீய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றன. வீடுதோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. காய்ச்சல் கண்டவர்களிடம் இரத்தப் பூச்சு எடுக்கப்பட்டது. 1965-இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரு லட்சமாகக் குறைந்தது.

அதன் பின்னர் நிகழ்ந்ததுதான் நமக்குப் பாடம். 1976-இல் அவ்வெண்ணிக்கை மீண்டும் 64 லட்சத்தை எட்டியது. கொசுக்கள் மருந்தை எதிர்க்கும் வலிமை பெற்றமையும், மருந்துத் தட்டுப்பாடும் இதற்குக் காரணங்கள். எனினும், முக்கியமான மற்றொரு காரணமும் உண்டு. தனித் திட்டத்தின் படை விலகிய இடங்களில், அதன் வேலையைத் தொடர்ந்து ஏற்று நடத்தக்கூடிய ஆரம்ப சுகாதார நிலையங்கள் போதிய வலுவுடன் இருக்கவில்லை. காய்ச்சல்காரரைத் தேடிச் செல்வோர் குறைந்தனர். எடுத்த பூச்சுகளும் சோதிக்கப்படாமல் தேங்கின.

அண்டை நாடான இலங்கையின் அனுபவமும் இதுவே. 1963-இல் அந்நாட்டில் மலேரியா நோயாளிகள் 17 பேர் மட்டுமே கண்டறியப்பட்டனர். ஐந்தாறு ஆண்டுகளுக்குள், 1968-69-இல், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். பின்னர் நீண்டகாலம் விடாமல் உழைத்து, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றை உலக சுகாதார ஸ்தாபனத்திடமிருந்து இலங்கை பெற்றது. மாவட்டந்தோறும் அமைந்த சுகாதார அதிகாரிகளின் பணியும், கிராமங்களுக்குச் சென்ற களப்பணியாளரின் பணியும் அச்சான்றுக்குப் பின்னே உள்ளன. களுத்துறையில் 1926-இலேயே சுகாதாரப் பிரிவு ஒன்றை நிறுவி, டாக்டரையும் மருத்துவச்சியையும் பரிசோதகரையும் ஒரே பகுதிக்குப் பொறுப்பாக்கிய நாடு அது.

கண்டுபிடிப்பு ஒருநாளில் நிகழலாம். அதனை மக்களின் உடைமையாக்குவது அன்றாட வேலை. அவ்வேலையை நடத்துபவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டரும் அவருடைய குழுவினருமே.

1946-இல் வகுக்கப்பட்ட வழி

இந்திய சுகாதார அமைப்பின் அடிப்படையை வகுத்தது, ஸர் ஜோசப் போர் என்பவரின் தலைமையில் 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை வழங்கிய குழுவாகும். சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவின் உறுப்பினர். அக்காலத்தில் ஏறக்குறைய 6,300 மக்களுக்கு ஒரு டாக்டரும், 43,000 மக்களுக்கு ஒரு செவிலியும் இருந்தனர் என்று குழு கணக்கிட்டது. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 160-க்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. (2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தொகை 28.)

நோய் தீர்ப்பதையும் நோய் தடுப்பதையும் வெவ்வேறு இலாகாக்களாகப் பிரிக்காமல் ஒன்றாக்க வேண்டும் என்று குழு கூறியது. 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் அமைத்து, அதில் இரண்டு டாக்டர்களையும், பொதுச் சுகாதாரச் செவிலியரையும், மருத்துவச்சிகளையும், சுகாதாரப் பரிசோதகர்களையும் ஒரே குழுவாகப் பணிசெய்ய வைக்க வேண்டும் என்பது அதன் உடனடித் திட்டம். டாக்டரின் கல்வியிலும் மாற்றம் வேண்டும் என்று அது வற்புறுத்தியது. மூன்று மாதம் நோய்த்தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் பயின்று, சமூகத்தின் டாக்டராக அவர் வெளிவர வேண்டும் என்றது. பட்டப்படிப்பைவிடக் குறுகியதாயிருந்த உரிமச் சான்றிதழ்ப் படிப்பை நிறுத்திவிட்டு, ஒரே தரமான பட்டப்படிப்பை ஏற்படுத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இவ்விஷயத்தில் குழுவிலேயே கருத்து வேற்றுமை இருந்தது. கிராமங்களுக்குப் போகக்கூடியவர்கள் உரிமச் சான்றிதழ் பெற்ற டாக்டர்களே என்பது மறுத்தவர்களின் வாதம். அவ்வாதத்தின் எதிரொலி இன்றும் முற்றிலும் ஓயவில்லை.

1952 அக்டோபர் 2-இல் தொடங்கிய சமூக அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வட்டாரந்தோறும் எழுந்தன. இன்றைய விதியின்படி சமவெளிப் பிரதேசத்தில் 30,000 மக்களுக்கும், மலைப் பிரதேசத்தில் 20,000 மக்களுக்கும் ஒரு நிலையம் இருத்தல் வேண்டும். அதன்கீழ் முறையே 5,000 பேருக்கும் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் உண்டு. பட்டப்படிப்பு முடித்தவர் ஓராண்டு பயிற்சி டாக்டராகப் பல பிரிவுகளிலும் வேலை செய்கிறார். 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி அதில் 12 வாரங்கள் சமூக மருத்துவத்துக்கு உரியவை. 1946-இல் கூறப்பட்ட மூன்று மாதம் என்ற அளவு, வேறு வடிவில் இன்றும் நிலைத்திருக்கிறது.

பிற நாடுகளும் இதே வழியை நாடியுள்ளன. மெக்ஸிகோவில் 1936 முதல் மருத்துவ மாணவர் பட்டம் பெறுவதற்குமுன் சமூகசேவை புரிய வேண்டும். தென் ஆப்பிரிக்காவில் 1998 முதல் ஓராண்டுச் சமூகசேவை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கல்விக்குப் பொதுமக்களின் பணம் செலவாகிறது, அக்கல்வியின் முதற்பயன் பொதுமக்களுக்குச் சேரவேண்டும் என்பது இவற்றின் அடிப்படை.

இளம் டாக்டர் செய்யும் வேலை யாது?

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரின் வேலை காலையில் வெளிநோயாளிகளைப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது அவருடைய வேலையின் ஒரு பகுதியே. அவ்வேலையை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, இனங்காணுதல். நாள்தோறும் வரும் காய்ச்சல்காரர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வும் எளிய மருந்தும் போதும். மலேரியா, டெங்கு, நிமோனியா போன்றவற்றால் அபாயத்திலிருப்பவர் அவர்களுள் ஒரு சிலரே. அச்சிலரைப் பிரித்தறிவது, நிபுணரிடம் ஏற்கெனவே பிரித்து அனுப்பப்பட்ட நோயாளியைப் பார்ப்பதைவிட ஒருவகையில் கடினமானது.

இரண்டாவது, உரிய காலத்தில் மேலே அனுப்புதல். பிரசவ காலத்தில் இரத்தப்போக்கு கண்ட தாயை ஒருமணி நேரம் தாமதித்து அனுப்புவது அவளை இழப்பதாக முடியலாம். எந்த நோயாளியைத் தாம் வைத்திருக்கலாம், எவரை உடனே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்பவர் அவரே.

மூன்றாவது, கணக்கு. பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, காசநோய், கர்ப்பிணிகள் ஆகியவற்றின் பதிவேடுகள் வெறும் அலுவலகக் காகிதங்களல்ல. ஒரே தெருவிலிருந்து ஒரு வாரத்தில் நான்கு பேர் மஞ்சள் காமாலையுடன் வந்தால், நான்கு கல்லீரல்களையும் தனித்தனியே பார்ப்பவர் பாதி டாக்டர். அத்தெருவின் குடிநீர்க் குழாயைப் பார்க்க எழுந்து செல்பவரே முழு டாக்டர்.

நான்காவது, குழுவை நடத்துதல். கிராம சுகாதாரச் செவிலி, ஆஷா பணியாளர், மருந்தாளர், சோதனைக்கூடப் பணியாளர், பரிசோதகர் ஆகியோர் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள், அனுபவத்திலும் மிக்கவர்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டே அவர்களுக்குத் தலைமை தாங்க வேண்டிய இக்கட்டு அவருடையது. கல்லூரிப் பாடநூல் எதிலும் இதற்கு அத்தியாயம் இல்லை.

அனுபவம் காட்டிய வழிகள்

வசதிகள் முழுமையாக அமைந்த பின்னரே நல்ல மருத்துவம் செய்ய முடியும் என்பது ஒரு தவறான எண்ணம். இதற்குச் சான்றாகச் சில நிகழ்ச்சிகளைக் காண்போம்.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் காசநோய்க்கு மாதக்கணக்கில் ஸானடோரிய வாசமும், ஓய்வும், சத்துணவும் இன்றியமையாதவை என்று கருதப்பட்டன. நாட்டிலோ நோயாளிகளுக்கேற்ற படுக்கைகள் இல்லை. அந்நிலையத்தார் நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஸானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை நெரிசல் மிக்க அவர்களுடைய வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். 1959-இல் வெளியான முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. ஒழுங்காக மருந்து உட்கொண்டால் வீட்டுச் சிகிச்சையும் ஸானடோரியச் சிகிச்சைக்கு ஏறக்குறைய இணையானது. வீட்டிலிருந்ததால் குடும்பத்தாருக்கு அதிகமாக நோய் தொற்றவுமில்லை. வீடு வீடாகச் சென்று மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று கண்காணித்த களப்பணியாளர் இல்லாமல் இவ்வாராய்ச்சி நடந்திருக்காது.

1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இந்தியாவுக்குள் பெருந்திரளாக வந்தனர். எல்லையை அடுத்த பன்காவ் என்ற ஊரில் காலரா மூண்டது. அங்கு அனுப்பப்பட்ட டாக்டர் திலீப் மகலனாபிஸுக்கு அப்போது வயது 36. நரம்பு வழியாகச் செலுத்தும் உப்பு நீர் விரைவில் தீர்ந்துபோகும் நிலை. நோயாளிகளோ தரையெல்லாம் கிடந்தனர். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவில் கரைசலைத் தயாரித்துப் பெரிய பாத்திரங்களில் நிரப்பி, நோயாளியின் தாயிடமும் தந்தையிடமும் குவளையைக் கொடுத்து ஊட்டச் செய்தார். சோதனைச் சாலையில் நிரூபிக்கப்பட்டிருந்த இம்முறை, இவ்வளவு பெரிய அளவில் டாக்டரல்லாதார் கையில் அதுவரை ஒப்படைக்கப்பட்டதில்லை. முன்பு நூற்றுக்கு 30 பேர் இறந்த இடத்தில் இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. இன்று நம் துணை நிலையங்களில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் அம்முகாமின் வழித்தோன்றலாகும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் 1986-இல் பணியைத் தொடங்கினர். பிறந்த குழந்தைகள் முதல் மாதத்திலேயே இறப்பதைக் கண்டு, 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்தனர். குழந்தையை எடை பார்த்தல், குளிரினின்று காத்தல், மூச்சுத் திணறலை அறிதல், தொற்று கண்டால் மருந்து கொடுத்தல் ஆகியவற்றை அப்பெண்கள் வீடுகளிலேயே செய்தனர். மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக் கிராமங்களை நோக்க, முதல் மாத இறப்பு 62 சதவீதம் குறைந்ததென 1999-இல் அறிவிக்கப்பட்டது. ஆஷா பணியாளர் இன்று பச்சிளங்குழந்தை உள்ள வீடுகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் செல்லும் ஏற்பாடு இதன் அடிப்படையில் உருவானது.

தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளை அடுத்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், 1990-களின் தொடக்கத்தில் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் மருத்துவ நிலையம் தொடங்கினர். அப்பள்ளத்தாக்கின் மலைவாழ் மக்களிடையே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 இறந்துவந்தன. அம்மக்களுள்ளேயே பெண்களைச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்ததன் பயனாக, பின்னர் இத்தொகை சுமார் 20 ஆகக் குறைந்தது.

இந்நான்கிலும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. டாக்டர் தம் அறிவின் ஒரு பகுதியைத் தாயிடமோ, களப்பணியாளரிடமோ, கிராமத்துப் பெண்ணிடமோ நம்பி ஒப்படைத்தார். அவ்வாறு ஒப்படைத்ததால் அவருடைய அறிவு குறையவில்லை. அது சென்றடையும் தூரம் பெருகியது.

இளம் டாக்டர் ஏன் நிலைப்பதில்லை?

2014-இல் நாட்டில் ஏறக்குறைய 51,000 ஆக இருந்த மருத்துவப் பட்டப்படிப்பு இடங்கள், 2024-25-இல் 1,10,000-ஐத் தாண்டிவிட்டன. எண்ணிக்கைக் குறை நீங்கிவருகிறது. எனினும் டாக்டர்களின் எண்ணிக்கை பெருகுவது வேறு. அவர்கள் வேண்டிய இடத்தில் நிலைத்திருப்பது வேறு. நிலைக்காமைக்குக் காரணங்களை நேர்மையாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதற்காரணம் மேற்படிப்பு. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு புத்தக அறிவையே சோதிக்கிறது. ஆதலால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் செலவிடும் ஒவ்வொரு மணியும் தேர்வுக்கு இழந்த மணியாக அவருக்குத் தோன்றுகிறது. இதற்கு மாற்றாகத் தமிழ்நாடு, அரசுப் பணியிலுள்ள டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு அளித்துவந்தது. அவ்வாறு அளிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 2020 ஆகஸ்டு 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. கிராமப் பணியைத் தண்டனையாக எண்ணாமல், படிக்கட்டாக எண்ணச் செய்யும் ஏற்பாடு இது.

இரண்டாவது, பாதுகாப்பு. கொரோனாக் காலத்தில் நாடெங்கும் டாக்டர்களும் செவிலியரும் தாக்கப்பட்டமையால், 2020 ஏப்ரல் 22-இல் அவசரச் சட்டம் பிறப்பித்து, அத்தகைய தாக்குதல் ஜாமீனில் விட முடியாத குற்றமாக்கப்பட்டது. அதற்குப் பின்னும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில், காந்தி ஆஸ்பத்திரியில் நோயாளி ஒருவர் இறந்ததையடுத்து உறவினர் இளம் டாக்டரைத் தாக்கியதால், இளம் டாக்டர்கள் போராட்டத்தில் இறங்க நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் கல்கத்தாவில் பயிற்சி டாக்டர் ஒருவர் பணியிடத்திலேயே கொல்லப்பட்டது நாட்டையே உலுக்கியது. உயிருக்கு அஞ்சி வேலை செய்பவரிடம் பிறர் உயிரைக் காக்கும் பொறுப்பை ஒப்படைப்பது நியாயமாகாது. சட்டம் தேவையே. ஆயினும், மரணம் நேர்ந்த இடத்தில் உறவினருக்கு நிலைமையை முன்கூட்டியே எடுத்துச் சொல்லும் பொறுமையும், அதற்குரிய ஆள்பலமும், நேரமும் சட்டத்தைவிடத் தேவை.

மூன்றாவது, தனிமை. மூத்த டாக்டரின் அருகே நின்று பயின்றவர், முதன்முறையாகக் கேட்க ஆளின்றி முடிவெடுக்கிறார். குடியிருக்க வீடு, மின்சாரம், வாழ்க்கைத் துணைவருக்கு வேலை, குழந்தைக்குப் பள்ளி முதலிய எளிய தேவைகளும் அவரை அலைக்கழிக்கின்றன. 'டாக்டர் ஊரில் தங்குவதில்லை' என்று குறை கூறும் ஊர், அவர் தங்கத்தக்க வீடு ஒன்று உண்டா என்றும் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

புதிய டாக்டர் பணியேற்ற முதல் வாரத்திலேயே அவரை ஊருக்குள் அழைத்துச் செல்லுங்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது, எந்தத் தெருவில் தடுப்பூசி மறுக்கப்படுகிறது, மழைக்காலத்தில் எந்தப் பாதை துண்டிக்கப்படும், எந்தக் கர்ப்பிணிக்கு முந்திய பிரசவத்தில் தொல்லை நேர்ந்தது என்பவற்றை அவர் கோப்பிலிருந்து அறிய முடியாது. உங்களிடமிருந்தே அறிய முடியும்.

நீங்கள் அளிக்கும் தகவல் உண்மையாக இருக்கட்டும். இலக்கை எட்டியதாகக் காட்டுவதற்காக எழுதப்பட்ட பொய்க் கணக்கு, டாக்டரின் கண்ணைக் கட்டிவிடுகிறது. தடுப்பூசி போடப்படாத பத்துக் குழந்தைகள் போடப்பட்டவையாகப் பதிவேட்டில் இருந்தால், அப்பத்துக் குழந்தைகளையும் தேடிச் செல்பவர் எவரும் இரார். அம்மை அவர்களைத் தேடி வரும்.

அவர் தவறும் இடத்தில் தனியே எடுத்துச் சொல்லுங்கள். உள்ளூர் வழக்கறியாத டாக்டர், நோயாளியின் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்ளலாம். சிகந்தராபாத் போன்ற நகரில் தெலுங்கு, உருது, தமிழ் ஆகியன ஒரே வரிசையில் நிற்கும். 'நெஞ்சு கரிக்கிறது' என்பதையும் 'நெஞ்சு அடைக்கிறது' என்பதையும் பிரித்தறிந்து சொல்லும் பணியாளர், அவ்வேளையில் ஓர் உயிரையே காக்கிறார்.

ஆசிரியருக்கு ஒரு பாடத்திட்டம்

பள்ளி மாணவர் இளம் டாக்டரின் மிகச் சிறந்த துணைவராகலாம். கீழ்க்காணும் பாடங்களுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

(1) கொசுப்புழுவை இனங்காணல். தேங்கிய நீரிலிருந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் நீரை மொண்டு பார்க்கச் செய்யுங்கள். நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருப்பது அனாபிலிஸ் புழு. இதுவே மலேரியாக் கொசுவாக வளர்வது. தலைகீழாகச் சாய்ந்து தொங்குபவை க்யூலெக்ஸ், ஏடிஸ் இனங்களைச் சேர்ந்தவை. ஏடிஸ் டெங்குவைப் பரப்புவது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை ஆகிறது. எனவே, வாரம் ஒருமுறை எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்து உலர்த்தினால் கொசு பிறக்காது. 'ஏன் வாரம் ஒருமுறை?' என்ற கேள்விக்கு மாணவர் தாமே விடை கூறட்டும்.

(2) கரைசல் தயாரித்தல். சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் முழுவதும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை உத்தேசமாகக் கரைப்பது கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பேதியான குழந்தைக்குத் தாய்ப்பாலையோ உணவையோ நிறுத்தலாகாது. டாக்டர் கூறும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றபின்னும் சொன்ன நாள் வரை கொடுத்து வர வேண்டும்.

(3) உள்ளூர் நிலையத்தை அறிதல். ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டரைப் பள்ளிக்கு அழைத்து, அவருடைய ஒரு நாள் வேலையை மாணவருக்குச் சொல்லச் செய்யுங்கள். மாணவர் தம் வீட்டிலிருந்து அந்நிலையத்துக்கு உள்ள தூரம், செல்ல ஆகும் நேரம், மழைக்காலப் பாதை ஆகியவற்றை வரைபடமாகத் தீட்டட்டும். அவ்வரைபடத்தின் ஒரு படியை டாக்டரிடமும் கொடுங்கள். அவருக்கு அது உண்மையாகவே பயன்படும்.

முடிவுரை

ராஸுக்கு நுண்நோக்கி எவ்வளவு தேவைப்பட்டதோ, அவ்வளவு ஹுசேன் கானும் தேவைப்பட்டார். பன்காவ் முகாமில் டாக்டருக்குக் குவளை ஏந்திய தாய்மார் தேவைப்பட்டனர். இன்று தெருமுனை மருத்துவ நிலையத்தில் அமர்ந்திருக்கும் 25 வயது டாக்டருக்கும் அவ்வாறே துணை தேவை. அவரைத் தனியே விட்டால் ஓராண்டுக் காலத்தைக் கழித்துவிட்டுச் செல்வார். குழுவொன்றின் நடுவே வைத்தால், ஊரைக் கற்றுக்கொள்வார். ஊரும் அவரால் நலம்பெறும். அவர் பின்னர் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நிபுணராகச் சென்றாலும், கீழ்ப்படியிலிருந்து அனுப்பப்பட்டு வரும் நோயாளி எவ்வளவு தூரம் கடந்து வந்திருக்கிறார் என்பதை அறிந்தவராகவே இருப்பார். அவ்வறிவை அவருக்கு அளிக்கத்தக்க ஆசான்கள் களப்பணியாளரும் ஊர் மக்களும் ஆவர்.